ஒன்பதாவது பாட்டுக்குப் பிறகு

ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தபின், கடைசியாக எனக்கென்று எடுத்துத் தந்தது ஒரு சீடி. மைக்கல் ஜக்சனின் 'த்ரில்லர்'. அது வெளிவந்து நாற்பது வருடம் ஆனதை முன்னிட்டு 2022 நவம்பர் 18ஆம் திகதி விட்ட சிறப்புப் பதிப்பு. உள்ளே இரண்டு தட்டு. ஒன்றில் 1982இன் அந்த ஒன்பது பாட்டு. மற்றதில் ஒத்திகைப் பதிவுகளும், அக்காலத்தில் பாடி வைத்துவிட்டு ஒதுக்கிய பாட்டுகளுமாகப் பத்து. சின்ன வயதில் என் மடியில் இருந்து நான் சொன்ன கசெற் கதையைக் கேட்டவன் அவன். அதை இத்தனை வருடம் கழித்தும் நினைவில் வைத்திருந்திருக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவி இல்லை. மகளின் மடிக்கணினியில் தட்டு நுழைகிற வாயே கிடையாது. அயலில் ஒரு வீட்டில் பழைய டிவிடி பெட்டி இருந்தது, அதற்குள் எறும்பு குடியிருந்தது. "போன்ல கேக்கலாமே மாமா, எல்லாம் அதில இரிக்கு" என்றான் மருமகன். கேட்கலாம்தான். ஆனால் கையில் தட்டை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க மனம் வரவில்லை. கடைசியில் எங்கள் கூட்டாளி நானாவின் வான்தான் கைகொடுத்தது. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த வான், சீடி போடும் செற் இன்னும் வேலை செய்கிறது.

பின்னேரம் மூன்றரை மணிக்கு உன்னிச்சைக் குளக்கட்டில், மருத மர நிழலில் வானை நிறுத்தினோம். முன் இருக்கையில் நானாவும் நானும், பின்னால் மச்சானும் மருமகனும். குளம் முக்கால்வாசி நிறைந்து கிடந்தது. ஆறு மணிக்கு முன் கிறுகிவிட வேண்டும் என்று நானா முதலே சொல்லிவிட்டார். இருட்டினால் யானை இறங்கும்.

இந்தத் தட்டைப் பற்றிச் சொல்வதற்கு நான் 1977இலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பக்கத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு எதுவென்றாலும் ஸ்பீக்கர் கட்டுவது ஒரே ஆள். ஊருக்கே அவர் ஸ்பீக்கர் மாமா. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு அம்ப்ளிஃபயர், லொறி பற்றரி இரண்டு, பச்சை நிறத் தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டு. வாகை மரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு அவர் கீழே வந்து முதல் தட்டை வைத்தால், குளத்துக்கு அப்பால் மாடு மேய்க்கிறவனுக்கும் கேட்கும். சீர்காழியின் பக்திப் பாட்டில் தொடங்குவார். சோறு வைக்கிற நேரத்துக்கு சினிமாப் பாட்டு. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றிச் சாய்ந்ததும், எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அந்தச் சின்னத் தட்டை எடுப்பார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'.

சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதை. எங்களுக்கு அந்தச் சிங்களச் சொற்களின் பொருள் பாதிதான் தெரியும், ஆனால் கால் நிற்காது. கிழவிகள்கூட உட்கார்ந்த இடத்தில் தோளை அசைப்பார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை இரண்டில் பொப் பாட்டுப் போடுகிற நேரத்துக்காக நாங்கள் காத்துக் கிடந்த காலம் அது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', திருகோணமலை பரமேசின் பாட்டுகள், மனோகரனின் பாட்டுகள். தமிழ்நாட்டுச் சினிமாவுக்கு வெளியே, நாங்கள் பேசுகிற தமிழுக்குக் கிட்டவாக, எங்கள் வீட்டு மாமியையும் மச்சாளையும் பாடிய பாட்டுகள் அவை. அந்த வயதில் அது எனக்கு எவ்வளவு பெரிய விசயமாக இருந்தது என்று இப்போது யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. றேடியோவில் வருகிறவர்கள் எல்லோரும் வேறெங்கோ இருப்பவர்கள் என்று நம்பியிருந்த எனக்கு, பாட்டில் வருகிற ஆள் பக்கத்து வளவில் இருக்கலாம் என்று முதல்முதல் தோன்றியது அப்போதுதான்.

அதே 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்நாட்டுப் படத்தில் இளையராஜா அந்தச் 'சுராங்கனி'யையே சினிமாப் பாட்டாக்கினார். அதைக் கேட்ட அன்று ஸ்பீக்கர் மாமா எங்களைக் கூப்பிட்டு, "எங்கட பாட்டு கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திரிக்கு மனே" என்று சொன்னது நல்ல நினைவு. ஏதோ அவரே பாடியனுப்பியது போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அடுத்த வருடம் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமாகி வந்தபோது அதில் மனோகரன் நடித்தார். மட்டக்களப்புக்குப் போய்வந்த அண்ணன்மார் அந்தப் படத்தின் கதையை எங்களுக்கு இரண்டு இரவு சொன்னார்கள்.

ஒருமுறை அம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது. திருத்துவதற்கு ஸ்பீக்கர் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்புக்குப் போனார். திருத்துகிறவர் ஒரு பறங்கியர். தாண்டவன்வெளிப் பக்கம் வீடு. சுவரில் வயலின் தொங்கியது. பழுது பார்த்து முடித்ததும் சரிபார்க்க ஒரு தட்டைப் போடச் சொன்னார். மாமா 'சுராங்கனி'யைப் போட்டார். கிழவர் மேசையில் விரலால் தாளம் போட்டபடி முழுதும் கேட்டுவிட்டு, வயலினைக் கழற்றி அதே நடையில் வேறொன்றை வாசித்தார். "இது எங்கட கலியாண வீட்டுக் கப்ரிஞ்ஞா தம்பி, என்ட பூட்டன் காலத்தது" என்றார்.

அன்று அது எனக்கு ஒரு வேடிக்கை. பின்னால் படித்தபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் பத்தே வருடத்தில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியும் ஆட்டமும் போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அந்தப் போர்த்துக்கீசம் இன்றும் ஒரு வீட்டு மொழியாக மிஞ்சியிருக்கிறது. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்துதான் பைலா என்ற பாட்டுவகையின் பெயரே வந்தது. 1940களில் வோலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அந்த ஆட்டத்தைச் சிங்களப் பாட்டாக்கி நாடெங்கும் பரப்பினார். அந்தப் பைலாவைத்தான் மனோகரன் தமிழில் பாடினார். ஆக, எங்கள் வாகை மரத்துக் குழாயில் கேட்டது மட்டக்களப்பு வாவிக்கரையில் முந்நூறு வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த தாளம். நாங்கள் அதைப் புதுப்பாட்டு என்று நினைத்து ஆடினோம். அந்தக் கிழவருடைய வயலினும் எங்கள் தட்டும் ஒரே மேசையில் சந்தித்த அந்தப் பத்து நிமிடத்தை யாரும் பதிவுசெய்யவில்லை. இந்த வயதில் எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. கிழக்கில் தொளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன காற்று. தென்னைகளின் தலையைத் திருகி எறிந்தது. விடிந்தபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை. ஸ்பீக்கர் மாமா வீட்டில் சுவர் விழுந்து பச்சைப் பெட்டி நசுங்கிக் கிடந்தது. 'சுராங்கனி' சரி பாதியாக உடைந்திருந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாள் முன்பே கிழிந்துபோன தட்டு அது. எந்தக் கொம்பனி வெளியிட்டது, ஆர் இசை, ஆர் எழுதியது என்று வாசிக்கக் கிடைத்ததே இல்லை. மாமா அந்தப் பாதியை எறியவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அதன்பிறகு அவர் ஸ்பீக்கர் கட்டவும் இல்லை.

ஆறு வருடம் கழித்து, 1984இல், நானும் மச்சானும் நானாவும் காசு சேர்த்து மட்டக்களப்பில் ஒரு ரெக்கோடிங் பாரில் கசெற் அடித்தோம். நானாவின் வீடு எங்கள் வயலுக்கு அடுத்தது. அவருக்கு இரண்டு வயது கூட, அதனால் அண்ணன் முறையில் நானா. மைக்கல் ஜக்சனை எங்களுக்குக் காட்டித் தந்தவரும் அவர்தான், ஏறாவூரில் சொந்தக்காரர் வீட்டில் கேட்டுவிட்டு வந்து. நாங்கள் வாங்கிய வெற்றுக் கசெற் தொண்ணூறு நிமிடம். பக்கத்துக்கு நாற்பத்தைந்து. 'த்ரில்லர்' ஒன்பது பாட்டும் சேர்த்து நாற்பத்திரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் இரண்டேமுக்கால் நிமிடம்.

பதிந்து கொடுத்த பெடியன் கேட்டான், "கடைசியில கொஞ்சம் வெறுமையா இரிக்கு, என்ன போட?" மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவன் அட்டையில் ஒன்பது பாட்டின் பேரையும் ஆங்கிலத்தில் எழுதி, பத்தாவதாகத் தமிழில் 'சுராங்கனி' என்று எழுதினான்.

முழுப்பாட்டுக்கு இடம் காணவில்லை. மனோகரன் ஒரு சொல்லைத் தொடங்கி அரைவாசியில் இருக்கும்போது நாடா முடிந்து, பட்டன் டக்கென்று எழும்பும். எங்கள் ஊரில் 'த்ரில்லர்' அப்படித்தான் முடிந்தது. உலகத்தில் கோடிக்கணக்கான ஆட்கள் வாங்கிய அந்த அல்பத்தில் ஒன்பது பாட்டு, எங்களுடையதில் ஒன்பதேமுக்கால்.

அந்தக் கசெற்றைக் கேட்டது சும்மா இல்லை. எங்கள் வளவுக்குக் கரண்ட் கம்பி வந்தது போர் முடிந்து சில வருடம் கழித்து. அதுவரை பற்றரிதான், பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவருக்குக் கை தளர்ந்தால் மைக்கல் ஜக்சனின் குரல் ஆம்பிளைக் குரலாக இறங்கும். பற்றரியை மிச்சம் பிடிக்கப் பென்சிலைச் சில்லுக்குள் விட்டுச் சுற்றி நாடாவைத் திருப்புவோம். மாரியில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். கொலோன் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்துத் துடைத்துப் போடுவோம்.

இன்னொன்றும் உண்டு. நாடா சுருளில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டு மாதக்கணக்காகக் கிடக்கும். பலத்த சத்தம் பதிந்த இடத்தின் காந்தம் பக்கத்துச் சுற்றிலும் மெல்ல ஏறிவிடும். அதனால் பாட்டுத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னதாகவே அதன் நிழல் கேட்கும். ஒன்பதாவது பாட்டு 'த லேடி இன் மை லைஃப்' மெல்லமெல்லத் தேய்ந்து முடியும். பிறகு ஒரு வெறுமை. அந்த வெறுமைக்குள், தூரத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல, 'சுராங்கனி'யின் முதல் தட்டு நிழலாக விழும். அதைக் கேட்டதும் நாங்கள் எழும்பி நிற்போம். உண்மையான தாளம் அதன்பிறகுதான் வரும்.

1990இல் எல்லாம் சிதறியது. எங்கள் பகுதி முஸ்லிம் சனம் வீடு வாசலை விட்டுப் போக வேண்டி வந்தது. நானா குடும்பம் ஏறாவூருக்குப் போனது. போகிற அன்று கசெற்றை நான் அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "இது இஞ்ச இரிக்கட்டும், நான் வருவன்தானே" என்றார். அந்த மூன்று பேரில் ஒருவர் இல்லாமல் அதைக் கேட்க எங்களுக்குப் பல நாள் முடியவில்லை. தமிழர்களாகிய நாங்கள் அன்று அவர்களுக்காக வாய் திறந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் மனதில் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

2007 மார்ச்சில் ஷெல் விழத் தொடங்கியதும் எங்கள் பக்கத்துப் படுவான்கரைச் சனம் முழுக்கக் கிளம்பியது. நாங்களும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்தோம். பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதி, இரண்டு சாரி, அரிசி. கசெற் மண்வீட்டு மாடத்தில் இருந்தது. முகாமில் மாதக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது மாடமும் இல்லை, சுவரும் இல்லை.

'த்ரில்லர்' வெளிவந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்கான சிறப்புப் பதிப்பு 2008 பெப்ரவரியில் வந்தது என்று இப்போது வாசித்து அறிகிறேன். அந்தப் பெப்ரவரியில் நாங்கள் தகரக் கொட்டிலுக்குக் கதவு போட்டுக்கொண்டிருந்தோம். 2009 ஜூன் 25ஆம் திகதி மைக்கல் ஜக்சன் செத்துப்போனார். செய்தியை றேடியோவில் கேட்டேன். உலகம் முழுவதும் அழுதது என்றார்கள். அந்த மாதத்தில் எங்களுக்கு அழுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அவருக்காக நான் அழுதது இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு நாள் பஸ்ஸுக்குள் 'ஹியூமன் நேச்சர்' கேட்டபோது.

மனோகரன் காலமானது 2018 ஜனவரி 22, சென்னையில். எங்களுக்கு அது வெள்ளாமை வெட்டுக் காலம். வயல் வாடியில் இருந்தபோது மச்சானின் போனுக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். மெஷின்காரனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் போனிலேயே 'சுராங்கனி'யைத் தேடிப் போட்டோம். தெளிவான பதிவு, முழுப்பாட்டு. எங்கள் நாடா நிற்கிற இடத்தைத் தாண்டிப் பாட்டுப் போனபோது எனக்கு நெஞ்சு பதறியது. அத்தனை வருடம் கேட்ட பாட்டின் முடிவை மறந்தேபோயிருந்தேன். மச்சான் தொப்பியைக் கழற்றி நின்றார்.

இனி வானுக்குள் வருகிறேன்.

முதலில் இரண்டாவது தட்டைத்தான் போட்டோம். 'ஸ்டார்லைட்' என்ற பாட்டு தொடங்கியதும் நானா செற்றின் பக்கம் குனிந்தார். மெட்டு எங்களுக்கு நன்றாகத் தெரிந்த மெட்டு, சொற்கள் வேறு. 'த்ரில்லர்' பாட்டின் முதல் உருவம் அதுதான். எழுதியவர் ரொட் டெம்பர்ட்டன் என்ற ஆங்கிலேயர். முதலில் நட்சத்திர வெளிச்சம் பற்றி எழுதினார். தயாரிப்பாளர் குவின்சி ஜோன்சுக்கு அது போதவில்லை, பெயரை மாற்றச் சொன்னார். அந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் பேயும் ஓநாயும் வின்சென்ட் பிரைசின் சிரிப்பும் எல்லாம் வந்தன. பிறகு, ஒரு ஜப்பானியக் குழுவின் மெட்டுக்கு மைக்கல் சொல் சேர்த்துப் பாடிய 'பிஹைன்ட் த மாஸ்க்'. நானாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இரண்டு தரம் போட்டார்.

மச்சானுக்குப் பிடிக்கவில்லை. பாட்டு அல்ல, செய்கை.

"இஞ்ச பாரு. அந்தாள் வேணாமெண்டு ஒதுக்கி வெச்சத, செத்த மறுகா எடுத்து விக்கிறது சரியா? நாங்க பதரைத் தூத்தி எறியிறம். அதை ஆரும் கூட்டியள்ளி மூட்டை கட்டி, இதுவும் அவர்ட வயல் நெல்லுத்தான் எண்டு வித்தா?"

"பதர் இல்ல மச்சான்," என்றார் நானா, "விதைநெல். எதிலயிருந்து முளைச்சதெண்டு தெரியுதே."

மருமகன் 2010இல் வந்த 'மைக்கல்' அல்பத்தைப் பற்றிச் சொன்னான். செத்தபின் வெளியிட்டார்கள். அதில் மூன்று பாட்டில் குரல் அவருடையதே இல்லை என்று ரசிகர்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் 2022இல் அந்த மூன்றையும் இணையத்தில் கேட்கும் இடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். "பாத்தியா" என்றார் மச்சான். அந்த இடத்தில் அவர் சொல்வது நியாயம் என்றே எனக்கும் பட்டது. ஆள் இல்லாத வீட்டில் பெட்டியைத் திறக்கிறவனுக்கு ஒரு கூச்சம் இருக்க வேண்டும். ஆனால் 'ஸ்டார்லைட்' அப்படி இல்லை. ஒரு பாட்டு என்னவாக ஆவதற்கு முன் என்னவாக இருந்தது என்று கேட்கக் கிடைப்பது, ஒரு பெரிய மனிதரின் பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்ப்பது போல. நான் முப்பத்தொரு வருடம் படிப்பித்தவன். அடித்துத் திருத்திய கொப்பிதான் எனக்குப் பிடித்த கொப்பி.

பிறகு நான் மருமகனிடம் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். அவன் போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னான். 'பில்லி ஜீன்'னில் ட்ரம்ஸ் அடித்தவர் இன்டுகு சான்ஸ்லர், பேஸ் கிற்றார் லூயிஸ் ஜோன்சன். 'பீட் இட்'டில் அந்த ஒரு கிற்றார் பாய்ச்சலுக்கு எடி வான் ஹேலன் காசு வாங்கவில்லை. ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் 'பில்லி ஜீன்'னைத் தொண்ணூற்றொரு முறை கலந்து பார்த்து, கடைசியில் இரண்டாவதாகக் கலந்ததையே எடுத்தார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். எந்த ஸ்டூடியோ, எந்த மாதம், யார் எங்கே நின்றார், எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"'சுராங்கனி'யில பொங்கோஸ் அடிச்சது ஆர் மாமா?" என்று கேட்டான் மருமகன்.

வானுக்குள் ஒருவரும் பேசவில்லை. கிழிந்த நடுத்தாள்தான் என் கண்முன் வந்தது.

அங்கிருந்துதான் பேச்சு மாறியது. மனோகரனுக்கு இப்படி ஒரு பதிப்பு வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும்? மூன்று கிழவர்களும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி வெட்டிப் பேசினோம். மச்சானுக்கு முதல் வேண்டியது பெயர்கள். தாளம் போட்டவர், கிற்றார் வாசித்தவர், பின்குரல் கொடுத்தவர்கள், சொல் எழுதியவர்கள் எல்லோருடைய பெயரும், படம் கிடைத்தால் படமும். நானாவுக்கு அதே பாட்டின் சிங்கள வடிவமும் தமிழ் வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும், எது எங்கே மாறியது என்று கேட்டுப் பார்க்க. மேடையில் பாடியபோது சனம் கத்தியது உட்பட ஒரு பதிவாவது வேண்டும் என்றார். எனக்கு வேண்டியது அதற்கு முந்தியது. தாண்டவன்வெளிக் கிழவருடைய கப்ரிஞ்ஞா முதல் பாட்டாக வர வேண்டும். அவர் இல்லை. ஆனால் அந்த நடையை வாசிக்கத் தெரிந்த கை மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறது. 2004 சுனாமியில் கடல் டச்பார் பறங்கியர் குடியிருப்பைத் துடைத்துக்கொண்டு போனபிறகும், மிஞ்சியவர்கள் கலியாண வீட்டில் அதை ஆடுகிறார்கள். பாட்டின் வேர் அங்கே இருக்கிறது என்று கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய கொம்பனி தேவையில்லை என்று நான் நம்புகிறேன். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் எங்கள் பழைய புத்தகத்தையும் பத்திரிகையையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறது. நான் சின்ன வயதில் தொலைத்த சஞ்சிகையை அங்கே கண்டு வாசித்திருக்கிறேன். அதே பொறுமையோடு பாட்டுக்கும் செய்ய வேண்டும். கொழும்பில், யாழ்ப்பாணத்தில், திருகோணமலையில், லண்டனில் யாருடைய அலுமாரி மேலோ அந்தத் தட்டுகள் தூசி படிந்து இருக்கும். உடையாத தட்டு, நடுத்தாள் கிழியாத தட்டு. அந்தக் காலத்துப் பொப் குழுக்களில் வாசித்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஒரு போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்து கேட்டால் சொல்வார்கள். தட்டு உடைந்தாலும் இன்னொரு தட்டு எங்காவது கிடைக்கும். தாளம் போட்டவருடைய நினைவுக்குப் பிரதி கிடையாது. மைக்கல் ஜக்சனின் ஒத்திகையைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது உண்மை. அதே நேரத்தில் எனக்கு வந்தது பொறாமை அல்ல, பசி. எங்கள் பாட்டுக்காரருக்கு ஒத்திகைப் பதிவு வேண்டாம், முதல் பதிவையாவது பெயரோடு வைத்திருக்க வேண்டாமா?

மருமகன் போனில் குறித்துக்கொண்டிருந்தான். ரொறன்ரோவில் பழைய இசைத்தட்டு வைத்திருக்கிற நம் ஆட்கள் இருப்பார்கள், விசாரிக்கிறேன் என்றான். "சும்மா சொல்லாத, செய்" என்றார் மச்சான். "செய்றன் மாமா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் செய்வான் போலத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன் முதலாவது தட்டைப் போட்டோம். இனி யாரும் பேசக் கூடாது என்று நானா சொன்னார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். நாற்பது வருடத்தில் முதல்முறையாக, கையால் சுற்றாமல், பூஞ்சணம் இல்லாமல், கீறல் இல்லாமல் ஒன்பதையும் கேட்டோம். எங்கள் நாடாவில் இருந்ததே தெரியாத சின்னச் சின்னச் சத்தங்கள் இருந்தன. 'பில்லி ஜீன்' தொடங்குகிற அந்த ட்ரம்ஸ் அடியில் வான் கதவு அதிர்ந்தது. குளத்தின் மேல் வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகிக்கொண்டு வந்தது. மீன்பிடிக்கப் போன தோணி ஒன்று கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நானா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

'த லேடி இன் மை லைஃப்' தேய்ந்து தேய்ந்து முடிந்தது.

தட்டு சுழல்வது நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் மச்சான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டது தெரிந்தது. நானாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் தயாராக நின்றன. மூன்று பேரும் அந்த வெறுமைக்குள் காதை வைத்துக்கொண்டிருந்தோம். பதினேழு வருடம் ஏறாவூரில் இருந்துவிட்டு வந்தவருக்கும் அது எப்போது வரும் என்று கணக்குத் தப்பவில்லை.

ஒன்றும் வரவில்லை. அந்தத் தட்டில் அது இல்லை.

நானா ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு இன்னொன்று, பிறகு தாளம். பின்னால் மச்சான் எடுத்தார். அறுபது தாண்டிய குரல், மேலே போக உடைந்தது, ஆனாலும் விடவில்லை. நானும் சேர்ந்தேன். மருமகன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். சிங்களம் பாதி, தமிழ் பாதி, சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தாயிற்று. இரண்டேமுக்கால் நிமிடம் இருக்கும். ஒரு சொல்லின் அரைவாசியில் மூன்று பேரும் ஒன்றாக நிறுத்தினோம்.

"ஏன் மாமா நிப்பாட்டிட்டீங்க?" என்றான் மருமகன்.

"அதோட டேப் முடிஞ்சிது மனே" என்றார் மச்சான்.